கிட்னிக்கு ரத்தம் போய்ச் சேருகிறதா: வார்டில் முதலில் பார்க்க வேண்டியவை

சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.0-லிருந்து 2.4 ஆகிவிட்டது என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "கிட்னி போயிடுச்சா சார்? டயாலிசிஸ் பண்ணணுமா?" நெப்ராலஜி வார்டில் இருப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லுமுன் மூன்றைப் பார்த்துவிடுவார்கள். இதயம் போதுமான அழுத்தத்தில் ரத்தத்தைத் தள்ளுகிறதா, வழியில் தமனி திறந்திருக்கிறதா, உள்ளே போன ரத்தம் சிரை வழியாகத் தங்குதடையின்றித் திரும்புகிறதா. வாந்தி பேதியோடு வருகிறவர், காய்ச்சலில் படுத்து நாலு நாள் வலி மாத்திரை போட்டவர், இதயம் பலவீனமாகிக் கால் வீங்கி வருகிறவர் என்று இவர்களில் பலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டி நன்றாகவே இருக்கும். ரத்தம் வந்து சேர்வதில்தான் கோளாறு. அதைச் சீக்கிரம் சரிசெய்தால் இரண்டு மூன்று நாளில் கிரியாட்டினின் இறங்கிவிடும். தாமதித்தால் ரத்த வரத்தில் இருந்த கோளாறு சிறுநீரகத்தின் கோளாறாகவே மாறிவிடும்.

பெரியவர் ஒருவருக்கு இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் 1 முதல் 1.2 லிட்டர் வரை சிறுநீரகங்களுக்கே போகிறது. இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் 300 கிராம்தான் இருக்கும், உடல் எடையில் அரை சதவீதம்கூட வராது. இவ்வளவு சின்ன உறுப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் எதற்கு என்றால், திசு பிழைப்பதற்காக மட்டும் இவ்வளவு தேவையில்லை, வடிகட்டுவதற்குத்தான் தேவை. நிமிடத்துக்கு 600 மில்லிக்குக் கொஞ்சம் மேலான பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) உள்ளே போகிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 120 மில்லி அளவுக்கு வடிகிறது. ஒரு நாளைக்கு 170-180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர் சிறுநீராக வெளியேற, மீதி அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இந்தக் கணக்கு தெரிந்தால், பிபி ஒரு மணி நேரம் விழுந்து கிடந்தாலே சிறுநீர் ஏன் நின்றுபோகிறது என்பது புரியும்.

வழி

இதயத்தின் இடது கீழறை சுருங்கும்போது அயோர்ட்டிக் வால்வு திறந்து ரத்தம் பெருந்தமனிக்குள் பாய்கிறது. பெருந்தமனி சற்று மேலேறி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டியபடி கீழே இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்குமான கிளைகள் அந்த வளைவிலேயே பிரிந்துவிடும். பன்னிரண்டாவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் உதரவிதானத்துக்குப் பின்புறமாக வயிற்றுக்குள் நுழைந்ததும், முதலில் கல்லீரல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றுக்கான கிளை. அடுத்து குடலுக்கான பெரிய கிளை. அதற்குச் சற்றுக் கீழே, முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்தில், இரண்டு பக்கமும் ஏறக்குறையச் செங்கோணத்தில் சிறுநீரகத் தமனிகள் கிளம்புகின்றன. விட்டம் 5-6 மில்லிமீட்டர், நீளம் 4-6 சென்டிமீட்டர். பெருந்தமனியிலிருந்து நேரடியாக, இடையில் எந்த உறுப்பையும் தொடாமல் வருகிற குட்டையான தடித்த கிளை என்பதால் அழுத்தம் வழியில் குறைவதே இல்லை என்று சொல்லலாம்.

வலது பக்கத் தமனி நீளமானது. கீழ்ப் பெருஞ்சிரைக்குப் பின்னால் புகுந்து போகவேண்டியிருப்பதால் அந்த நீளம். சிரையில் இது தலைகீழ்: இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்புறமாகக் குறுக்கே வந்து பெருஞ்சிரையில் சேர்கிறது, வலதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளம். சிறுநீரக தானத்தில் மருத்துவர்கள் இடதையே பெரும்பாலும் எடுப்பதற்குக் காரணம் இந்த நீளமான சிரைதான். தைப்பதற்குக் கைக்கு இடம் கிடைக்கும்.

நான்கு பேரில் ஒருவருக்காவது ஒரு பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தமனி இருக்கும். ரிப்போர்ட்டில் 'கூடுதல் தமனி' என்று பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது நோய் இல்லை, பிறவி அமைப்பு. ஆனால் அறுவை மேசையில் அது முக்கியம். சிறுநீரகத் தமனியின் கிளைகள் ஒன்றோடொன்று இணைவதில்லை. ஒரு கிளையைக் கட்டிவிட்டால் அது ஊட்டிய பகுதி செத்துப்போகும், பக்கத்துக் கிளை கைகொடுக்காது. சிரைகள் அப்படியில்லை, உள்ளேயே ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். ஆகவே சிரையின் சின்னக் கிளையைக் கட்டலாம், தமனியின் சின்னக் கிளையைக் கட்டக்கூடாது. அதிலும் கீழ்முனைக்குப் போகிற கூடுதல் தமனி சிறுநீர்க்குழாயின் மேல்பகுதிக்கும் ரத்தம் தருவது. மாற்று அறுவையில் அது போனால் சில நாள் கழித்து சிறுநீர் கசிவதில் கொண்டுபோய் விடும்.

சிறுநீரகத்தின் வாயிலை நெருங்கும்போது தமனி முன், பின் என்று பிரிந்து, ஐந்து பகுதிகளுக்கு ஐந்து கிளைகளாகிறது. முன்பகுதிக் கிளைகளும் பின்பகுதிக் கிளையும் சந்திக்கும் இடத்தில் ரத்தக்குழாய் குறைந்த ஒரு கோடு உண்டு. அது விளிம்பின் நடுவில் இல்லை, கொஞ்சம் பின்பக்கம் தள்ளியிருக்கும். முதுகுவழியாகத் துளையிட்டுக் கல் எடுக்கும்போது பின்புறக் கிண்ணத்தை (சிறுநீர் வந்து சேரும் உட்குழிவை) குறிவைப்பது இதனால்தான். துளை விலகி முன்னே போனால் ரத்தம் கொட்டும். அதற்குப் பின் கிளைகள் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்கும் வெளிப்பகுதியான கார்டெக்ஸுக்கும் இடையே வில்லாக வளைந்து, அங்கிருந்து கார்டெக்ஸுக்குள் நேராக ஏறி, நெஃப்ரான் என்னும் ஒவ்வொரு வடிகட்டும் அலகுக்கும் ஒரு நுண்தமனியாகப் பிரிகின்றன. ஒரு சிறுநீரகத்தில் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்.

இரண்டு மடைகள்

மற்ற உறுப்புகளில் பெரும்பாலும் தமனி, நுண்குழாய், சிரை என்று முடிந்துவிடும். இங்கே கிளாமருலஸ் என்னும் நுண்குழாய் முடிச்சுக்கு முன்னாலும் ஒரு நுண்தமனி, பின்னாலும் ஒரு நுண்தமனி. நெல்வயலில் வாய்மடையும் கடைமடையும் இருப்பதைப்போல. வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது இரண்டு மடைகளையும் எவ்வளவு திறந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கிளாமருலஸில் நிற்கும் அழுத்தமும் அப்படியே. சிறுநீரகத் தமனியில் 100 மி.மீ. பாதரசம் இருக்கும் அழுத்தம் உட்செல் நுண்தமனியைத் தாண்டியதும் 60 ஆகிறது, வெளிச்செல் நுண்தமனியைத் தாண்டியதும் 20-க்குக் கீழே இறங்குகிறது, சிரைக்கு வரும்போது வெறும் 4. அந்த 60-தான் வடிகட்டலை நடத்துவது.

சராசரி அழுத்தம் 80-க்கும் 180-க்கும் இடையே எங்கே இருந்தாலும் இந்த 60 பெரிதாக மாறாமல் சிறுநீரகம் தானே பார்த்துக்கொள்கிறது. அழுத்தம் கூடினால் உட்செல் நுண்தமனியின் தசை இறுகும். குறைந்தால் இரண்டு வேலைகள் நடக்கும்: புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் சுரந்து உட்செல் மடை விரியும், சிறுநீரகம் சுரக்கும் ரெனின் வழியாக ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன் உண்டாகி வெளிச்செல் மடை குறுகும். பல வருடமாக பிபி உள்ளவர்களுக்கு இந்த எல்லையே மேலே நகர்ந்திருக்கும். 160-170-ல் வாழ்ந்து பழகியவருக்கு ஐசியூவில் 100/60 என்று மானிட்டர் காட்டும்போது 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போகிறோம், அவருடைய சிறுநீரகத்துக்கு அது தாழ்வு. பழைய ஓ.பி. சீட்டில் வழக்கமான பிபி என்ன என்று தேடிப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும், பலர் பார்ப்பதில்லை.

இப்போது மருந்துக்கடை விஷயத்துக்கு வரலாம். வார்டில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் ஆசிட், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் எல்லாம் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பவை. உடம்பில் தண்ணீர் நிறைவாக இருக்கும் இளைஞர் இரண்டு மாத்திரை போட்டால் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அவருடைய சிறுநீரகம் அந்த நேரத்தில் புரோஸ்டாகிளாண்டினை நம்பி இல்லை. வாந்தி பேதியில் காய்ந்துபோனவர், இதயம் பலவீனமானவர், முதியவர் ஆகியோருக்கு அதுதான் உயிர்நாடி. அதை நிறுத்தினால் வாய்மடை அடைபடும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் ஆகிய பிபி மாத்திரைகள் மறுபுறம் வேலை செய்பவை, கடைமடையைத் திறந்துவிடுபவை. சர்க்கரை நோயாளிக்கு அது நல்லது, முடிச்சில் அழுத்தம் குறைந்து வருடக்கணக்கில் சிறுநீரகம் காப்பாற்றப்படும். ஆனால் வரத்து குறைந்த நாளில் அதே வேலை எதிராகத் திரும்பும். இவற்றோடு சிறுநீர் அதிகம் போகச்செய்யும் மாத்திரையும் சேர்ந்தால் மொத்தத் தண்ணீரும் குறைகிறது. மூன்றும் ஒரே நேரத்தில் உடம்பில் இருப்பதுதான் மோசமான கூட்டு.

பலருக்குத் தெரியாதது: இந்த மூன்றில் இரண்டு ஒரே மாத்திரையில் இருக்கலாம். பிபி மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்தது, அதாவது சிறுநீர் மாத்திரை. அதைத் தினமும் போடுகிற ஒருவர் மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு அட்டை வாங்கினால் கூட்டு முழுமையாகிவிட்டது. சித்திரை வெயிலில் வயலிலோ கட்டட வேலையிலோ இருப்பவருக்கு வேறெதுவும் வேண்டாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் வழக்கமான அளவில் பாராசிட்டமால் இந்த மடைகளில் கைவைப்பதில்லை.

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், சாப்பிட முடியாத நிலை வந்தால் எந்த மாத்திரையை நிறுத்திவைப்பது என்பதை நோயாளி நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பொதுவாக அந்தப் பட்டியலில் வருபவை: ப்ரில், சார்ட்டான் என்று முடியும் மாத்திரைகள், சிறுநீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை. கடைசி இரண்டும் வேறு காரணத்துக்காக. ரத்தத்தில் அமிலம் ஏறும். இன்சுலினையும் இதய ஸ்டென்ட்டுக்கான மாத்திரைகளையும் தானாக நிறுத்தக்கூடாது. வழக்கம்போலச் சாப்பிடவும் குடிக்கவும் தொடங்கி 24-48 மணி நேரம் ஆனதும் நிறுத்தியவற்றை மீண்டும் தொடங்க வேண்டும். இங்கேதான் சறுக்குகிறது. நிறுத்தச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும், தொடங்கச் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது. ஆறு மாதம் கழித்து பிபி 190-ல் வந்து நிற்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'நிறுத்தவும்' என்று மட்டும் எழுதாமல் எந்தத் தேதியில், எந்த ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு தொடங்கவேண்டும் என்பதையும் எழுதவேண்டும். ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள்: பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்துக் குடித்துவிட்டு சோடியம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

ப்ரில் அல்லது சார்ட்டான் மாத்திரையைப் புதிதாகத் தொடங்கினால் ஒன்று இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்கவேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததுதான், கடைமடை திறந்ததன் விளைவு. 1.2 இருந்தது 1.5 ஆனதும் பயந்து நிறுத்துவது நீண்ட நாள் பலனைத் தூக்கியெறிவது. அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினாலோ நிறுத்தி, இரண்டு பக்கத் தமனியிலும் அடைப்பு இருக்கிறதா என்று தேடவேண்டும்.

பிபியும் பையும்

சிறுநீரகத்துக்குப் போகும் அழுத்தத்தை மேல் எண்ணை வைத்து மதிப்பிடக்கூடாது, சராசரி அழுத்தம் வேண்டும். கீழ் எண்ணோடு, இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் கிடைக்கும். 120/80 என்றால் 93. 90/60 என்றால் 70. 84/48 என்றால் 60. கிருமித்தொற்றில் பிபி விழுந்தவருக்கு 65-க்குக் கீழே போகவிடக்கூடாது, நாள்பட்ட பிபி உள்ளவருக்கு அதைவிட உயர்த்தி வைப்பது டயாலிசிஸ் தேவையைக் குறைக்கிறது என்று 2014-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. கை பருத்தவருக்குச் சின்னக் கஃப் (பிபி பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) கட்டினால் பிபி அதிகமாகக் காட்டும். 84 இருப்பது 100 என்று தெரியும், ஐ.வி. மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும். கஃபின் காற்றுப்பையின் அகலம் கைச் சுற்றளவில் 40 சதவீதம் இருக்கவேண்டும்.

கிரியாட்டினின் தாமதமாகத்தான் ஏறும். இன்று காலை ரத்தம் போவது நின்றால் நாளைக்கோ நாளை மறுநாளோதான் ரிப்போர்ட்டில் தெரியும். சிறுநீரின் அளவு ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிடும். எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லி, மணிக்கு. 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. ஆறு மணி நேரம் தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 ஏறுவதும், 7 நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஆவதும் அதே கணக்குதான்.

ஆனால் அளப்பதில்தான் எல்லாக் கூத்தும். இரண்டு லிட்டர் பையில் 50 மில்லி கோடுகூட நம்பமுடியாது. பை மடங்கியிருந்தால் 30-ம் 80-ம் ஒன்றுபோலத் தெரியும். மணிக்கணக்கு வேண்டுமென்றால் சின்ன அளவுப்பெட்டி உள்ள யூரோமீட்டர் வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் பெட்டியைப் பார்த்து எழுதி, உடனே கீழ்ப்பையில் திறந்துவிட வேண்டும். காலை ஆறு மணிக்கு மொத்தமாக அளந்து, பன்னிரண்டால் வகுத்து, சார்ட்டில் வரிசையாக ஒரே எண்ணை நிரப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அப்படி நிரப்பிய சார்ட்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு நின்றுபோனது தெரியவே தெரியாது. திடீரென்று பூஜ்யம் என்றால் முதலில் குழாயைப் பாருங்கள்: நோயாளியின் தொடைக்கடியில் மடங்கியிருக்கும், இரத்தக்கட்டி அடைத்திருக்கும், அல்லது பை மெத்தைமேல் கிடக்கும். அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துச் சிறுநீர்ப்பையில் சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஐ.வி.யை வேகப்படுத்தவேண்டும். படிப்படியாகக் குறைந்து, நிறம் கருத்து, 25, 18, 10 என்று இறங்கினால் அது வரத்துக் குறைவின் அடையாளம்.

அந்தக் கட்டத்தில் சிறுநீரில் சோடியம் 20-க்குக் கீழே இருக்கும், ஏனென்றால் சிறுநீரகத்துக்குள்ளே சிறுநீர் ஓடும் குழாய்கள் இன்னும் உயிரோடு உப்பைப் பிடித்து வைக்கின்றன. சிறுநீர் மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் இந்த எண்ணை நம்பமுடியாது. ரத்தத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் கார்டெக்ஸுக்கே போய்விடுகிறது. ஆழத்தில் இருக்கும் மெடுல்லாவில் ஆக்சிஜன் அழுத்தம் 10-20 மி.மீ.தான். எப்போதும் விளிம்பில் வாழும் திசு அது, வரத்து குறைந்தால் முதலில் சாவதும் அங்கேயுள்ள குழாய்களே. செத்துவிட்டால் பிறகு பிபியை எவ்வளவு உயர்த்தினாலும் சிறுநீர் உடனே வராது. ஒன்று முதல் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும், இடையில் டயாலிசிஸ் தேவைப்படலாம். திரும்பி வரும்போது சிலருக்கு நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் கூடப் போகும். அப்போது கவனிக்காமல் விட்டால் தண்ணீரும் பொட்டாசியமும் குறைந்து மீண்டும் அடிபடும்.

சிறுநீரகத்துக்கு ரத்தம் கூட்டும் என்று சொல்லி மிகக் குறைந்த அளவில் டோபமைன் என்னும் மருந்தை ஓடவிடுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. 2000-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐசியூக்களில் நடந்த ஆய்வு அதனால் பலன் இல்லை என்று காட்டிவிட்டது. இன்றும் அங்கங்கே அந்தப் பம்ப் ஓடுவதைப் பார்க்கலாம். சிறுநீர் கொஞ்சம் கூடும்தான், சிறுநீரகம் காப்பாற்றப்படாது.

போகிற பக்கம்

தமனிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு சிரைப் பக்கத்தை மறப்பது மிகச் சாதாரணமான தவறு. ரத்தம் ஓடுவது இரண்டு முனைகளின் அழுத்த வித்தியாசத்தால். சராசரி அழுத்தம் 70, சிரை அழுத்தம் 5 என்றால் வித்தியாசம் 65. இதயம் தளர்ந்து சிரை அழுத்தம் 20 ஆகிவிட்டால் வித்தியாசம் 50. பிபி அப்படியே இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் பட்டினி கிடக்கிறது. சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் உறை இறுக்கமானது, வீங்க இடமில்லை, ஆகவே உள்ளே நிற்கும் ரத்தம் குழாய்களையே அழுத்தும்.

கழுத்துச் சிரை புடைத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கும் ஒருவருக்கு கிரியாட்டினின் 2 என்று பார்த்ததும் 'தண்ணீர் குறைச்சல்' என்று சலைன் ஏற்றினால் நிலைமை மோசமாகும். அவருக்கு ஃப்ருசமைட் என்னும் சிறுநீர் மருந்து போட்டு நீரை இறக்கும்போது கிரியாட்டினின் இறங்குவதைப் பலமுறை பார்க்கலாம். சிரை அழுத்தத்தை அளக்கும்போது அலகைக் கவனியுங்கள். தண்ணீர்க் குழாய் வைத்துப் பார்ப்பது சென்டிமீட்டரில், மானிட்டர் காட்டுவது மி.மீ. பாதரசத்தில். 20 செ.மீ. தண்ணீர் என்பது சுமார் 15 மி.மீ. பாதரசம். ஷிஃப்ட் மாறும்போது ஒருவர் அதில் எழுத இன்னொருவர் இதில் எழுத, ஒன்றும் நடக்காமலே சிரை அழுத்தம் 'இறங்கியது' போலத் தெரியும்.

வீட்டில் இருக்கிற இதய நோயாளிக்கு எடை இயந்திரம்தான் சிறந்த கருவி. காலையில் எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, டிபனுக்கு முன், அதே உடையில், அதே இயந்திரத்தில். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தமனியே குறுகினால்

1934-ல் ஹாரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரகத் தமனியில் ஒரு வெள்ளிக் கவ்வி மாட்டிக் கொஞ்சம் இறுக்கினார். நாயின் பிபி ஏறியது. வரத்து குறைந்த சிறுநீரகம் உடம்பு முழுவதுக்கும் பிபி குறைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு ரெனினைக் கொட்டுகிறது. மனிதரிலும் அதேதான். வயதானவர்களுக்குக் கொழுப்புப் படிந்து, தமனி கிளம்புகிற வாயிலிலேயே குறுகும். இளம் பெண்களுக்குத் தமனிச் சுவரின் தசை மாறிப்போய், நடுவிலிருந்து கடைசிப் பகுதி வரை மணிமாலைபோலத் தெரியும் வகை ஒன்று உண்டு. நம் நாட்டில் இளவயதினருக்கு அதைவிட அடிக்கடி பார்ப்பது டகாயாசு என்னும் தமனி அழற்சி. பெருந்தமனியும் அதன் கிளைகளும் தடித்துக் குறுகும்.

எப்போது சந்தேகப்படுவது? முப்பது வயதுக்குள் பிபி வந்தால். மூன்று மருந்துக்கும் அடங்காவிட்டால். இரண்டு சிறுநீரகங்களுக்கும் நீளத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால். இதயம் நன்றாகச் சுருங்குகிறது என்று எக்கோ சொன்னாலும் திடீர் திடீரென்று நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால். ஸ்கேனுக்கு அனுப்புமுன் காசில்லாமல் செய்யக்கூடியது இருக்கிறது: இரண்டு கையிலும் ஒரு காலிலும் பிபி பார்ப்பது. இரண்டு கைக்கும் 10-க்கு மேல் வித்தியாசம் என்றால் டகாயாசு ஞாபகத்துக்கு வரவேண்டும். மணிக்கட்டு நாடியையும் தொடைமடிப்பு நாடியையும் ஒரே நேரத்தில் தொட்டுப் பாருங்கள், தொடை நாடி தாமதித்தால் அல்லது மெலிந்திருந்தால் குறுகல் மேலே பெருந்தமனியிலேயே இருக்கிறது. பிறவியிலேயே அப்படிக் குறுகிய பெருந்தமனியோடு பல வருடம் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. கையில் 180, காலில் 110, சிறுநீரகம் பார்ப்பது அந்த 110-ஐத்தான்.

தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனுக்கு 6-8 மணி நேரம் வெறும் வயிற்றில் வரவேண்டும். குடல் காற்று இருந்தால் தமனி தெரியாது. பிபி மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுக்கொண்டு வரலாம். முன்பக்கத்திலிருந்து பெருந்தமனியைக் கண்டுபிடித்து, பிறகு நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து விலாப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழு நீளமும் கிடைக்கும். மூச்சைப் பிடிக்கச் சொல்ல வேண்டும், ஒலிக்கற்றைக்கும் தமனிக்கும் இடையிலான கோணம் 60 பாகைக்கு மேல் போகக்கூடாது. கோணம் தவறினால் வேகம் பொய்யாக எகிறும். அந்த ஒரு எண்ணை நம்பி ஆஞ்சியோவுக்கு அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தமனியில் உச்ச வேகம் நொடிக்கு 180-200 செ.மீ.க்கு மேல், பெருந்தமனியின் வேகத்தைப்போல 3.5 மடங்குக்கு மேல் என்றால் கணிசமான குறுகல். சிறுநீரகத்துக்குள்ளே இருக்கும் சின்னத் தமனிகளில் அலை மெதுவாக ஏறித் தட்டையாக இருந்தால் மேலே அடைப்பு என்று அர்த்தம். அந்தத் தமனிகளில் ரத்தம் ஓட எவ்வளவு தடை என்று ஸ்கேன் காட்டும் தடைக் குறியீடு 0.8-க்கு மேல் என்றால் உள்ளே ஏற்கெனவே தழும்பாகியிருக்கலாம், தமனியைத் திறந்தாலும் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

திறக்கவேண்டுமா என்பதில் அவசரம் கூடாது. கொழுப்பு அடைப்புக்கு ஸ்டென்ட் வைப்பது மருந்தைவிடச் சிறந்ததல்ல என்று 2009-ல் ஒரு பெரிய ஆய்வும், 2014-ல் 900-க்கும் மேற்பட்டோரை வைத்து இன்னொன்றும் காட்டின. ஸ்கேனில் 60 சதவீதக் குறுகல் தெரிகிறது என்பதற்காக மட்டும் ஸ்டென்ட் வைக்கத் தேவையில்லை. நுரையீரலில் திரும்பத் திரும்ப நீர் கோத்தல், ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு, மருந்துக்கு அடங்காமல் வேகமாகக் கிரியாட்டினின் ஏறுவது ஆகியவற்றில் கணக்கு வேறு. மணிமாலை வகைக்குப் பலூன் மட்டும் போதும், நன்றாகப் பலன் தரும். டகாயாசுவில் அழற்சியை மருந்தால் அடக்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் மூடிக்கொள்ளும்.

குறுகல் மெதுவாக வருவது, அடைப்பு நொடியில் வருவது. இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கும்போது இடது மேலறையில் உறைகிற கட்டி கிளம்பினால் மூளைக்குப் போவது எல்லோருக்கும் தெரியும். அது சிறுநீரகத் தமனிக்கும் போகும். திடீரென்று விலாவுக்குக் கீழே கடும் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம். கல் என்றே வைத்தியம் நடக்கும். மருந்தில்லாத சி.டி.யில் கல் இல்லை என்று வந்ததும் 'கல் விழுந்துவிட்டது' என்று வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. ஒழுங்கற்ற நாடி உள்ளவருக்கு, கல் தெரியாத விலாவலிக்கு, ரத்தத்தில் எல்.டி.எச். (திசு செத்தால் ஏறும் நொதி) பல மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. செய்யவேண்டும். ரத்தம் போகாத பகுதி ஆப்புபோலக் கறுப்பாகத் தெரியும். முழுச் சிறுநீரகமும் அடைபட்டிருந்தால் மீட்க மிகக் குறைந்த நேரமே இருக்கிறது. சிறுநீரகக் கட்டி அறுவையில் தமனியைக் கவ்விவைக்கும் நேரத்தை 25-30 நிமிடத்துக்குள் முடிக்கப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான்.

மாற்றுச் சிறுநீரகத்தில் வழியே வேறு. அது பழைய இடத்தில் வைக்கப்படுவதில்லை. இடுப்புக் குழியில் வைத்து, காலுக்குப் போகும் தமனியிலோ அதன் உட்கிளையிலோ இணைக்கிறார்கள். இணைத்த இடம் குறுகுவது பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் வரும். நன்றாக இருந்த பிபி மீண்டும் ஏறுவது, ப்ரில் மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் தாவுவது, கால் வீக்கம். இருப்பது ஒரே சிறுநீரகம் என்பதால் இங்கே இருபக்க அடைப்புக்கான விதிகளே பொருந்தும். அந்தப் பக்கத்துத் தொடைமடிப்பில் டயாலிசிஸ் ஊசியோ ஆஞ்சியோ குழாயோ போடக்கூடாது, மறுபக்கம் போடவேண்டும். அவசரத்தில் வரும் நோயாளிக்கு எந்தப் பக்கம் சிறுநீரகம் வைத்திருக்கிறது என்று கேட்க நேரமிருக்காது. அடிவயிற்றில் தழும்பைப் பார்த்துக் கைவைத்தால் தோலுக்கடியிலேயே தட்டுப்படும்.